சண்டை முடிந்த பிறகு யார் மாறியிருக்கிறார்கள்?

பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர்களின் குழுவைப் பற்றிய காமிக்ஸ் எக்ஸ்-மென். 1983-இல் வந்த அதன் 173-ஆவது இதழை எடுத்துக்கொள்வோம். கதை ஜப்பானில் நடக்கிறது. குழுவில் ஒருவனான வுல்வரினுக்கும் மாரிக்கோ என்ற பெண்ணுக்கும் கல்யாண ஏற்பாடு. வந்த இடத்தில் குழுவில் பெரும்பாலானோருக்கு விஷம் வைத்துவிட்டார்கள். எதிரிகளைத் தேடிப் போக எழுந்து நிற்கும் நிலையில் இருக்கும் ஒருசிலரில் ரோக் ஒருத்தி. அவள் குழுவுக்குள் வந்து இரண்டு இதழ்தான் ஆகிறது. அதுவரை எதிர்த்தரப்பில் இருந்தவள். அவள் தொட்டால் போதும், தொடப்பட்டவரின் சக்தியும் நினைவுகளும் அவளுக்குள் வந்துவிடும். கேரல் டான்வர்ஸ் என்ற பெண்ணிடமிருந்து அப்படி இரண்டையும் மொத்தமாகப் பறித்துக்கொண்டவள் இவள். கேரல், வுல்வரினின் பழைய சிநேகிதி. அதனால் ரோக்கைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. வேறு வழியில்லாமல்தான் கூட்டிக்கொண்டு போகிறான்.

சண்டையின் உச்சத்தில் மாரிக்கோவின் உயிருக்குக் குறி வைக்கிறார்கள். ரோக் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறாள். சாகும் நிலை. அப்போது வுல்வரின் அவளுக்கு முத்தம் கொடுக்கிறான். இதில் காதல் எதுவும் கிடையாது. காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் உடம்பு அவனுடையது. அவன் தொட்டால் அந்தச் சக்தி அவளுக்குப் போகும், போகிற அளவுக்கு அவனுக்குக் குறையும். யாரையும் தொட முடியாமல் வாழ்கிற ஒரு பெண்ணை, அவளை அடியோடு வெறுத்த ஒருவன், தெரிந்தே தொடுகிறான்.

இந்தப் பக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சண்டையா, பாத்திர வளர்ச்சியா?

சூப்பர் ஹீரோ குழுக் கதைகளைப் படிப்பவர்களிடையே இது தீராத வழக்கு. ‘இந்த இதழ் முழுக்கப் பேச்சுதான், ஒரு குத்துகூட விழவில்லை’ என்று ஒரு கட்சி. ‘22 பக்கமும் அடிதடி, யார் யாரென்றே தெரியவில்லை’ என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பக்கத்தை எண்ணுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை. ஒரு சண்டை முடிந்தபின் அதில் இருந்தவர்களுக்குள் ஏதாவது மாறியிருக்கிறதா, மாறியது அடுத்த மாதமும் மாறியபடியே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த வகைக் கதைகளின் எண்பது வருட வரலாறே வேறு மாதிரித் தெரியும்.

குழு என்ற யோசனை 1940-இல் ஆல் ஸ்டார் காமிக்ஸ் மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டியோடு தொடங்கியது. ஆனால் அது பெயருக்குத்தான் குழு. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி அத்தியாயம், அதைப் பெரும்பாலும் தனித்தனி ஓவியர் வரைவார். 1960-இல் ஜஸ்டிஸ் லீக் வந்தபோதும் எழுதியவர் அதே கார்ட்னர் ஃபாக்ஸ். அவர் கையில் அதுவும் ஏறக்குறைய அதே அமைப்புதான்: கூடுவார்கள், இரண்டு மூன்று பேராகப் பிரிவார்கள், ஆளுக்கொரு தொல்லையைத் தீர்ப்பார்கள், கடைசியில் சேர்ந்து வில்லனை முடிப்பார்கள். ஒருவர் பேச வேண்டிய வசனத்தை இன்னொருவர் வாயில் வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. 1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கொண்டுவந்தபோதுதான் ஒரு குழுவுக்குள் சண்டை சச்சரவு, கோபம், பொறாமை எல்லாம் வந்தது. பாறை உடம்பாகிப்போன பென் கிரிம், தன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிய சிநேகிதனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. வில்லன் வராத நாளிலும் அந்த வீட்டில் கதை இருந்தது.

ஏன் சில குழுக்களில் பாத்திரங்கள் வளர்கின்றன, சிலவற்றில் வளர்வதே இல்லை? எழுத்தாளரின் திறமை என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். திறமை உண்டுதான். ஆனால் அதற்கும் அடியில் ஒரு நிர்வாகக் காரணம் இருக்கிறது. சூப்பர்மேனுக்குச் சொந்தமாக இதழ் உண்டு. பேட்மேனுக்கு உண்டு. அவர்களுக்குக் காதலோ கல்யாணமோ மரணமோ எது நடந்தாலும் அந்த இதழில்தான் நடக்கும். குழு இதழுக்கு அவர்கள் விருந்தாளிகள். வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும். அவென்ஜர்ஸ் இதழில் ஸ்டான் லீக்கு இந்தச் சிக்கல் வந்தது. தார், அயர்ன் மேன் போன்றவர்கள் தங்கள் சொந்தக் கதைகளில் ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம் என்று இருந்தார்கள். 1965-இல் வந்த 16-ஆவது இதழில் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். குழுவை நிறுவிய உறுப்பினர்களை வெளியே அனுப்பிவிட்டு, கேப்டன் அமெரிக்காவோடு ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச் மூவரையும் வைத்துக்கொண்டார். மூன்று பேருமே முன்னாள் எதிரிகள், மூன்று பேருக்கும் வேறு இதழ் கிடையாது. பலத்தில் பார்த்தால் குழு பாதியாகிவிட்டது. கதையில் பார்த்தால் அன்றுதான் அது ஆரம்பித்தது.

எக்ஸ்-மென் இதே கணக்கின் பெரிய உதாரணம். 1963-இல் தொடங்கிய அந்த இதழ் 1970-இல் விற்பனை இல்லாமல் புதுக் கதையை நிறுத்திவிட்டுப் பழைய கதைகளையே மறுபடி அச்சிட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. 1975-இல் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் ஒரு சிறப்பு இதழில் புதுக் குழுவை அறிமுகப்படுத்தினார்கள். அதன்பின் கிறிஸ் கிளேர்மான்ட் என்ற இளைஞரிடம் தொடர் போனது. யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இதழ், சொந்த வீடு இல்லாத பாத்திரங்கள். ஸ்டார்ம், கொலாசஸ், நைட்க்ராலர் ஆகியோரை மாற்றுவதற்கு அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 1991 வரை பதினாறு வருடம் அவர் எழுதினார். அந்த நீளமே ஒரு காரணம். ஒரு பாத்திரத்தின் மனதில் ஒரு விதையைப் போட்டுவிட்டு முப்பது மாதம் காத்திருக்க அவரால் முடிந்தது.

இன்னொரு காரணம் காமிக்ஸ் என்ற ஊடகத்துக்கே உரியது. ஒரு குத்து அரை வினாடி. சினிமாவில் அந்த அரை வினாடிக்குள் யாரும் எதையும் யோசிக்க நேரம் இல்லை. காமிக்ஸ் கட்டத்தில் அப்படியில்லை. கை ஓங்கியபடி நிற்கும், தலைக்கு மேல் ஒரு எண்ண பலூன் விரியும், அதில் முப்பது வார்த்தை இருக்கும். படிக்கிறவருக்கு அது உறுத்துவதே இல்லை. எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனம் வேலை செய்த முறையும் இதற்குத் தோதாக அமைந்தது. முதலில் கதைச் சுருக்கம், அதை வைத்து ஓவியர் முழுப் பக்கங்களையும் வரைவார், அதற்குப் பிறகே எழுத்தாளர் வசனம் போடுவார். சண்டை ஏற்கெனவே படத்தில் நடந்து முடிந்திருக்கும். இவன் அடிக்கும்போது என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் எழுதினால் போதும். கிளேர்மான்ட் அதை அளவுக்கு மீறியும் செய்வார், ஒரு கட்டத்தில் முகத்தைத் தவிர மீதியெல்லாம் எழுத்தாக இருக்கிற பக்கங்கள் உண்டு. இருந்தாலும் அந்த நெரிசலில்தான் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரின் குரலும் தனியாகக் கேட்கத் தொடங்கியது.

பாத்திரங்களின் சக்தி எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சைக்ளாப்ஸ் கண்ணாடி இல்லாமல் கண்ணைத் திறந்தால் எதிரே இருப்பது உடையும். அவன் வாழ்க்கை முழுக்கத் தன்னை அடக்கிக்கொள்வதிலேயே போகிறது. ரோக் தொடக்கூடாது. கிட்டி பிரைட் சுவருக்குள் புகுந்து போவாள், அவளை எதுவும் தடுக்காது, எதுவும் பிடித்துக்கொள்ளவும் செய்யாது. இப்படிப்பட்டவர்கள் சண்டை போடும்போது அவர்களுடைய சுபாவமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் கதை 1980-இல் ஜான் பைர்னின் படங்களில் வந்த டார்க் ஃபீனிக்ஸ். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே தன் சக்தியின் போதையில் ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றியிருந்த கிரகத்தில் ஐந்நூறு கோடிப் பேர் அழிகிறார்கள். ஷியார் என்ற வேற்றுக்கிரகப் பேரரசு அவளுக்கு மரண தண்டனை கேட்கிறது. சந்திரனில் ஒரு சண்டை வைத்துத் தீர்ப்பது என்று முடிவாகிறது. 137-ஆவது இதழ் வழக்கத்தைவிடப் பெரியது, அதில் பெரும் பகுதி அந்தச் சண்டைதான். ஆனால் சண்டைக்கு முன் ஒரு இரவு வருகிறது. ஷியார் கப்பலில் ஒவ்வொருவரும் தனித்தனியாக இருக்கிறார்கள். ‘இவள் நம் ஜீன்தானா, இவளுக்காக நான் நாளை சாகத் தயாரா, அந்த ஐந்நூறு கோடிக்கு யார் பதில் சொல்வது?’ இதை ஆளாளுக்கு ஒரு விதமாக யோசிக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே விடை கிடைப்பதும் இல்லை. மறுநாள் காலை ஜீன், மார்வெல் கேர்ள் என்ற பெயரில் இருந்த காலத்துப் பழைய உடையைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அந்த நாலைந்து பக்கங்களை நீக்கிவிட்டால் அடுத்து வரும் சண்டையில் யார் விழுந்தாலும் நமக்கு ஒன்றும் தோன்றாது. அவை இருப்பதால், ஒவ்வொருவராக விழும்போதும் அந்த இரவில் அவர் எடுத்த முடிவும் சேர்ந்து விழுகிறது.

அந்த இதழின் முடிவு முதலில் வேறாக இருந்தது. ஜீனின் சக்தியை மட்டும் பறித்துவிட்டு உயிரோடு விடுவதாகத்தான் கிளேர்மான்டும் பைர்னும் முடித்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிரகத்தையே கொன்றவள் வீட்டுக்குப் போவதா என்பது அவர் கேள்வி. முடிவை மாற்றி வரைந்தார்கள். ஜீன், தன் காதலன் ஸ்காட்டின், அதாவது சைக்ளாப்ஸின், கண்ணெதிரே தன்னைத் தானே அழித்துக்கொள்கிறாள். பழைய முடிவு 1984-இல் தனி வெளியீடாக வந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சண்டைக் காட்சிகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒன்றில் அந்தச் சண்டைக்கு ஒரு விலை இருக்கிறது, மற்றதில் இல்லை. ஷூட்டரின் நிர்வாகத்தைப் பற்றி எத்தனையோ மனக்கசப்புகள் பேசப்படுகின்றன, ஆனால் இந்த இடத்தில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

பைர்னின் கடைசி இதழான 143, நேர் எதிர்த் திசையில் அதே பாடத்தைச் சொல்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், பதின்மூன்று வயதுக் கிட்டி பெரிய மாளிகையில் தனியாக இருக்கிறாள், ஒரு பேய்ப்பிறவி உள்ளே நுழைகிறது. இதழ் முழுக்க ஓட்டம், துரத்தல், இடிபாடு. கடைசியில் விமானக் கூடத்துக்குள் அதை இழுத்துவந்து, ஜெட் விமானத்தின் எஞ்சினைப் பற்றவைத்து எரிக்கிறாள். பேசுவதற்குக்கூட ஆள் இல்லாத கதை. ஆனால் முதல் பக்கத்தில் இருந்த குழந்தை கடைசிப் பக்கத்தில் இல்லை. குழுவில் ஒருத்தி இருக்கிறாள். நூறு சதவீதம் அடிதடி, நூறு சதவீதம் பாத்திர வளர்ச்சி. இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பவர்கள் இந்த ஓர் இதழைப் படித்தால் போதும்.

1984-இல் வந்த 183-ஆவது இதழும் எனக்கு அவ்வளவே பிடிக்கும். கொலாசஸ் வேறொரு பெண்ணின் மேல் மனம் போய்விட்டதாகச் சொல்லிக் கிட்டியைப் பிரிகிறான். வுல்வரினும் நைட்க்ராலரும் அவனை ஒரு மதுக்கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே சாதாரண உடையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பது எக்ஸ்-மென்னின் பழைய எதிரி ஜக்கர்நாட். சின்னத் தகராறு பெரிய அடிதடியாகிறது. நைட்க்ராலர் உதவிக்குப் போகப் பார்க்கிறான். வுல்வரின் தடுத்து நிறுத்துகிறான். கிட்டியை மகள் போலப் பார்ப்பவன் அவன். அவள் அழுததற்கு இவன் கொஞ்சம் வாங்கிக்கொள்ளட்டும் என்று நின்று வேடிக்கை பார்க்கிறான். உலகத்தைக் காப்பாற்றுவது, பேரரசு, கிரகம் எதுவும் இல்லை. ஒரு சண்டைக்குள் மூன்று பேருடைய உறவும் தெரிந்துவிடுகிறது.

இதே காலத்தில் போட்டி நிறுவனமான டிசி பக்கம் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் நியூ டீன் டைட்டன்ஸ் என்ற குழு இதழை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1980-இல் தொடங்கியது. இவர்கள் எக்ஸ்-மென்னைவிடத் துணிந்து சண்டையே இல்லாத இதழ்களைப் போட்டார்கள். 38-ஆவது இதழில் டிக் கிரேசன், தோழி டோனா டிராய்க்குக் கல்யாணப் பரிசாக அவளுடைய பிறப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். குழந்தையாக இருந்தபோது எரிகிற கட்டடத்திலிருந்து காப்பாற்றப்பட்டவள் என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. ஒரு பழைய பொம்மை, ஒரு அனாதை இல்லம், சில முகவரிகள் என்று நூல் பிடித்துப் போகிறான். இதுவும் சாகசம்தான், பேட்மேனிடம் வளர்ந்தவன் கற்ற துப்பறியும் வித்தை எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். பிறகு அந்தக் கல்யாணமே ஒரு முழு இதழாக வந்தது. சூப்பர் ஹீரோ கல்யாணம் என்றால் பந்தலில் வில்லன் குதிப்பது வழக்கம். இங்கே யாரும் குதிக்கவில்லை. சாப்பிட்டார்கள், ஆடினார்கள், போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் டைட்டன்ஸின் உண்மையான சாதனை டெர்ரா. பதின்வயதுப் பெண், துடுக்கு, கொஞ்சம் எடுப்பான பல், புதிதாகக் குழுவில் சேர்கிறாள். கிட்டி பிரைட்டைப் பார்த்துப் பழகிய வாசகர்கள், ‘சரி, இவள்தான் இந்தக் குழுவின் செல்லப்பிள்ளை’ என்று எடுத்துக்கொண்டார்கள். வுல்ஃப்மனும் பெரெஸும் முதல் நாளிலிருந்தே அவளைத் துரோகியாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அவளோடு சிரித்து, அவளை நேசிக்கும் பீஸ்ட் பாய்க்காகச் சந்தோஷப்பட்டு, கடைசியில் 1984-இல் அவள் எதிரியின் ஆள் என்று குழுவுக்குத் தெரிகிறது. அந்தச் சண்டையில் அவள் தன் வெறியிலேயே மண்ணுக்குள் புதைந்து சாகிறாள். அமைதியான இதழ்களில் சேர்த்துவைத்த பாசம் அத்தனையையும் ஒரே சண்டையில் செலவழித்தார்கள். அந்தப் பாசம் இல்லாமல் இந்தச் சண்டைக்கு அந்த வலி வந்திருக்காது.

இப்படி மாதக்கணக்கில் நகரும் கதைகளுக்கு வாசகர்களும் மாற வேண்டியிருந்தது. பெட்டிக்கடை ஸ்டாண்டில் தொங்கும் இதழை வாங்குகிறவருக்கு அடுத்த மாதம் அது கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. ஆகவே ஒவ்வொரு இதழும் தானே தொடங்கித் தானே முடிய வேண்டும்; பாத்திரங்களும் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். 1970-களில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகியபோது, ஓர் இதழ்கூட விடாமல் வாங்கும் வாசகர் கூட்டம் உருவானது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த ருசி என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லும் பதில் 1991. ஓவியர் ஜிம் லீயின் புதிய எக்ஸ்-மென் முதல் இதழ் பல அட்டைகளோடு வந்து, கடைகளுக்குப் போன கணக்கில் எண்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கதையின் கடிவாளம் ஓவியர்கள் கைக்குப் போனது, கிளேர்மான்ட் மூன்றாவது இதழோடு விலகினார். அடுத்த ஆண்டே ஜிம் லீ உள்ளிட்ட நட்சத்திர ஓவியர்கள் மார்வெலை விட்டு இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். முழுப் பக்கப் படங்கள், பெரிய துப்பாக்கிகள், பல்லைக் கடித்த முகங்கள். பாத்திரத்தைச் சண்டை விழுங்கிவிட்டது என்று புலம்ப இது வசதியான இடம். அந்தக் காலத்து இதழ்கள் பல இன்று படிக்கும்படி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எக்ஸ்-மென்னுக்கு விழுந்த பெரிய அடி அதற்கு ஐந்து வருடம் முன்பே விழுந்துவிட்டது என்பேன். அதில் சண்டைக்குச் சம்பந்தமே இல்லை.

ஜீன் செத்தபின் ஸ்காட் மெல்ல மெல்லத் தேறி வருகிறான். மேடலின் பிரையர் என்ற பெண்ணைச் சந்தித்து 1983-இல் 175-ஆவது இதழில் கல்யாணம் செய்துகொள்கிறான். 201-ஆவது இதழில் அவனுக்கு ஆண் குழந்தை. அதே இதழில் யார் தலைவர் என்பதற்காக அவனும் ஸ்டார்மும் மோதுகிறார்கள். அப்போது ஸ்டார்முக்குச் சக்தி எதுவும் கிடையாது, இழந்துவிட்டாள். ஆனாலும் அவளே ஜெயிக்கிறாள். ஸ்காட் தோற்றது கண்ணாலும் கையாலும் அல்ல. அவன் மனம் ஏற்கெனவே பாதி வீட்டில் இருந்தது. இருபது வருடம் தலைவனாகவே இருந்த ஒரு பாத்திரம், ஒரு தோல்வி வழியாக, தகப்பனாக வீட்டுக்குப் போகிறது. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு அழகாக யாரும் ஓய்வு பெற்றதில்லை.

அடுத்த மாதமே, 1986 தொடக்கத்தில், எக்ஸ்-ஃபேக்டர் என்ற புதிய இதழ் வந்தது. எக்ஸ்-மென்னின் முதல் ஐந்து பேரையும் மறுபடி ஒன்றுசேர்த்தால் விற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதற்கு ஜீன் உயிரோடு வேண்டும். செத்தது ஜீனே இல்லை, அவள் உருவை எடுத்திருந்த வேறொரு சக்தி, உண்மையான ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் இத்தனை நாள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதினார்கள். செய்தி கேட்டதும் ஸ்காட், மனைவியையும் கைக்குழந்தையையும் அலாஸ்காவில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறான்.

சந்திரனில் எடுத்த அந்த முடிவு ஒரே நாளில் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. ஸ்காட்டின் கதி அதைவிட மோசம். அவனைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டியிருந்ததால், அதுவரை அவன் வளர்ந்த வளர்ச்சி முழுக்கக் குற்றமாக மாறியது. ஒரு கணவனை, ஒரு தகப்பனைக் கல்யாணத்துக்கு முந்தைய பையனாக ஆக்க வேண்டுமானால், அவன் ஓடிப்போவதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கறையைத் துடைக்கும் வேலை வந்தது. 1989 வாக்கில் இன்ஃபெர்னோ கதையில், மேடலின் இயல்பாகப் பிறந்த பெண்ணே இல்லை, ஜீனின் நகலாக ஒரு வில்லன் உருவாக்கியவள் என்று சொல்லி, அவளைப் பிசாசுகளின் ராணியாக்கி, கொன்றும் விட்டார்கள். தவறு செய்த கணவனைக் காப்பாற்றக் கைவிடப்பட்ட மனைவியைக் கெட்டவளாக்கினார்கள். அந்தக் கதையில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை, நியூயார்க் நகரமே பற்றி எரிகிறது. பேச்சுக்கும் பஞ்சமில்லை; மேடலினின் கோபத்துக்குக் கிளேர்மான்ட் பக்கம் பக்கமாக வசனம் கொடுத்திருக்கிறார். அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் நிலையில் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை.